முறிந்த எலும்பில் எப்போது, எவ்வளவு பாரம் ஏற்றலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவுக்கட்டோ பிளேட்டோ ராடோ போட்டுக்கொண்டு வீட்டில் இருப்பவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் சொல்வதை மீறுவதற்காக இதைப் படிக்க வேண்டாம். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள்.

முறிந்த எலும்பு சேர ஆடாமல் அசையாமல் இருந்தால் போதும், அவ்வளவுதானே?

பாதிதான் சரி. விலா எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு போடுவதில்லை, போடவும் முடியாது. ஒவ்வொரு மூச்சுக்கும் முறிந்த முனைகள் கொஞ்சம் நகர்கின்றன. இருமினால், தும்மினால் இன்னும் நகர்கின்றன. வலி உயிரை எடுக்கும். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சேர்ந்துவிடுகிறது. அசைவே ஆகாது என்பது உண்மையானால் விலா எலும்பு யாருக்கும் சேரக் கூடாது.

இது பழைய சண்டை. 19ஆம் நூற்றாண்டில் லிவர்பூலில் இருந்த ஹ்யூ ஓவன் தாமஸ், முழு ஓய்வு வேண்டும், இடைவிடாமல் நீண்ட நாள் வேண்டும் என்றார். பாரிஸில் லூக்கா-ஷாம்பியோனியர், முறிந்த கைகாலைச் சீக்கிரமே அசைக்க வேண்டும், தேய்த்துவிட வேண்டும் என்று வாதாடினார். இருவரிடமும் குணமாகிப் போனவர்கள் இருந்தார்கள். எந்த எலும்பு, எப்படிப்பட்ட முறிவு, எவ்வளவு அசைவு, எந்த வாரத்தில் என்று கேட்காமல் இதில் யார் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தன்மேல் பாரம் விழுவது எலும்புக்கு எப்படித் தெரிகிறது?

கெட்டியான எலும்புக்குள் ஆஸ்டியோசைட் என்ற செல்கள் நிறைய இருக்கின்றன. ஒன்றோடொன்று மெல்லிய இழைகளால் இணைந்திருக்கும். இழைகள் ஓடும் நுண்கால்வாய்களில் திரவம் நிரம்பியிருக்கும். நாம் கால் ஊன்றும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, திரவம் நகர்கிறது, செல்கள் அதை உணர்கின்றன. பாரம் கிடைத்தால் அவை ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தைக் குறைத்துக்கொள்கின்றன. எலும்பு கட்டும் செல்களுக்குத் தடை போடுவது அந்தப் புரதம்தான். அது குறைந்தால் கட்டுமானம் நடக்கும். பாரமே இல்லாவிட்டால் தடை கூடும், எலும்பு கரையும். விண்வெளி வீரர்களுக்கு இடுப்பெலும்பில் மாதத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 சதவீதம் வரை எலும்பு குறைந்ததும் இதனால்தான்.

பெர்லின் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப், எலும்பு தான் சுமக்கும் பாரத்துக்கு ஏற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று 1892இல் புத்தகமே எழுதினார். செல் அளவில் காரணம் தெரிய அதன்பின் ஒரு நூற்றாண்டு ஆனது.

அப்படியானால் ஸ்கிளிரோஸ்டினை மருந்தால் தடுத்தால் எலும்பு சீக்கிரம் சேருமே?

நல்ல கேள்வி. ரோமோசோசுமாப் என்ற மருந்து அதைத்தான் செய்கிறது. எலும்புத் தேய்வுக்காக அமெரிக்காவில் 2019இல் அனுமதி கிடைத்தது. ஆனால் இடுப்பு முறிவிலும் கீழ்க்கால் முறிவிலும் சோதித்தபோது சேர்வதை அது வேகப்படுத்தவில்லை. முறியாத எலும்பு தடிப்பது வேறு, உடைந்தது ஒட்டுவது வேறு.

முறிந்த இடத்துக்குள் என்னதான் நடக்கிறது?

முதலில் ரத்தம் கட்டுகிறது, வீங்குகிறது. இந்த வீக்கம் வேண்டாத தொல்லை போலத் தோன்றும். ஆனால் பழுது பார்க்கும் செல்களை அழைத்து வருவதே அதுதான். அடுத்து மிருதுவான திசு இடைவெளியை நிரப்புகிறது. இரண்டு மூன்று வாரங்களில் அது நார்த்திசுவாகவும் குருத்தெலும்பாகவும் மாறி, முறிவைச் சுற்றி ஒரு புடைப்பாக வளர்கிறது. இதைத்தான் காலஸ் என்கிறார்கள். பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியான எலும்பாகிறது. கடைசியில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், தேவையில்லாத இடத்தைக் கரைத்து, தேவையான இடத்தைத் தடிப்பாக்கி எலும்பு தன்னைச் சீர்செய்துகொள்கிறது.

காலஸ் ஏன் இவ்வளவு பருமனாக வளர்கிறது? ஒரு தண்டு வளைவை எதிர்க்கும் திறன் அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். விட்டம் 20 சதவீதம் கூடினாலே எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. காலஸ் ஆரம்பத்தில் எலும்பைவிட மிக மெத்தென்றுதான் இருக்கிறது. தரத்தில் இருக்கும் குறையைப் பருமனில் ஈடுகட்டுகிறது.

எவ்வளவு அசைவு நல்லது? ஏதாவது கணக்கு இருக்கிறதா?

இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஸ்டெஃபான் பெரென் 1970களின் இறுதியில் ஒரு எளிய கருத்தை முன்வைத்தார். முறிவில் எத்தனை மில்லிமீட்டர் அசைகிறது என்பதை மட்டும் பார்க்கக் கூடாது. இடைவெளியின் அளவோடு ஒப்பிட்டால் அசைவு எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். பௌதிகத்தில் திரிபு என்று படித்திருப்போமே, அதுதான். ஆரம்பத்தில் வரும் மிருதுவான திசு ஏறக்குறைய 100 சதவீதத் திரிபைத் தாங்கும், அதாவது தன் நீளம் இரட்டிப்பாகும்வரை அறுந்து போகாது. குருத்தெலும்பு தாங்குவது 10 சதவீதம் அளவுக்கு. முற்றிய எலும்பு 2 சதவீதத்திலேயே உடைந்துவிடும். தாங்க முடியாத இடத்தில் எந்தத் திசுவும் உருவாகாது என்பது பெரெனின் வாதம்.

இப்போது கணக்குப் போடுங்கள். முறிவில் இடைவெளி 1 மில்லிமீட்டர், ஒவ்வொரு அடிக்கும் 0.5 மில்லிமீட்டர் அசைகிறது. திரிபு 50 சதவீதம். அங்கே மிருதுவான திசுதான் பிழைக்கும், எலும்பு வராது. அதே அரை மில்லிமீட்டர் அசைவு 10 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பல துண்டுகளாக நொறுங்கிய இடத்தில் பகிர்ந்துகொள்ளப்பட்டால் 5 சதவீதம்தான். அங்கே காலஸ் நன்றாக வளரும். நேர்க்கோடாக ஒரே இடத்தில் முறிந்த எலும்பு லேசான அசைவுக்கே தகராறு செய்வதும், நொறுங்கிய எலும்பு சில நேரம் சமர்த்தாகச் சேர்வதும் இதனால்தான். ஆனால் இடையில் துண்டே இல்லாத வெறும் பள்ளமாக இருந்தால் கதை வேறு. ஆடுகளில் செய்த சோதனைகளில் இடைவெளி 2 மில்லிமீட்டரைத் தாண்டியபோது எலும்பு பாலம் போடச் சிரமப்பட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இந்த ஏற்பாடு தானே தன்னைத் திருத்திக்கொள்வது. மிருதுவான திசு வந்ததும் அசைவு கொஞ்சம் குறைகிறது. குறைந்ததால் குருத்தெலும்பு வர இடம் கிடைக்கிறது. அது வந்ததும் அசைவு இன்னும் குறைகிறது. அப்புறம் எலும்பு. நடுவில் அசைவு கூடிப்போனால் இந்த வரிசை அங்கேயே நின்றுவிடும்.

பிளேட் போட்டு மூன்று மாதமாகிறது. எக்ஸ்ரேயில் காலஸே தெரியவில்லை. சேரவில்லையா?

பயப்படாமல் முதலில் எந்த வகைப் பொருத்தல் என்று கேளுங்கள். முனைகளை நெருக்கி, அழுத்தி, அசைவே இல்லாமல் ஸ்க்ரூவால் இறுக்கியிருந்தால் திரிபு 2 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. அங்கே எலும்பு காலஸ் போடுவதில்லை. பழைய எலும்பைத் துளைத்துப் புதிது நிரப்பும் செல்கூட்டங்கள் முறிவுக் கோட்டின் குறுக்கே நேராகவே போய்த் தைத்துவிடுகின்றன. பெல்ஜியத்தின் ராபர்ட் டானிஸ் 1949இல் இதை விவரித்தார். 1958இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஏஓ என்ற அறுவை மருத்துவர் குழு இதை உலகம் முழுக்கப் பரப்பியது. காலஸ் தெரிந்தால் பொருத்தல் தோற்றுவிட்டது என்று நினைத்த காலம்கூட உண்டு. மூட்டுக்குள் போகும் முறிவுகளுக்கும் முன்கை எலும்புகளுக்கும் இந்த இறுக்கமான முறை இன்றும் ஏற்றது. ஒரே குறை, இப்படிச் சேர்வது மெதுவாக நடக்கும்.

சில பிளேட்டுகள் பாலம் போல நீளமாக, நொறுங்கிய பகுதியைத் தொடாமல் தாண்டிப் போகும். அங்கே காலஸ் வரத்தான் வேண்டும். தொடை எலும்பின் கீழ்ப்பகுதியில் போடும் லாக்கிங் பிளேட்டுகளில் (ஸ்க்ரூவின் தலை பிளேட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வகை) ஒரு வேடிக்கை உண்டு. பிளேட்டை ஒட்டிய பக்கம் அசைவு மிகக் குறைவு, அதனால் காலஸ் மெலிதாக இருக்கும். எதிர்ப்பக்கம் நன்றாக வளர்ந்திருக்கும். மிக இறுக்கமாகப் பொருத்தினால் எந்தப் பக்கமும் வராமல் போகலாம். முறிவுக்கு அருகே சில துளைகளில் டாக்டர் வேண்டுமென்றே ஸ்க்ரூ போடாமல் விடுவது, பிளேட் கொஞ்சம் நெகிழட்டும் என்றுதான். எக்ஸ்ரேயில் காலித் துளைகளைப் பார்த்து “ஸ்க்ரூ போட மறந்துட்டாங்க” என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

ராடு போட்டவரை மறுநாளே நடக்கச் சொல்கிறார்கள், பிளேட் போட்ட என்னை ஆறு வாரம் கால் ஊன்றாதே என்கிறார்கள். ஏன் இந்தப் பாரபட்சம்?

ராடு எலும்பின் நடுக்குழலுக்குள் இருக்கிறது, பாரம் போகும் கோட்டிலேயே. பிளேட் ஒரு பக்கமாக ஒட்டியிருப்பதால் ஒவ்வொரு அடியும் அதை வளைக்கப் பார்க்கிறது. உலோகம் ஒரே அடியில் உடைவது அபூர்வம். ஆயிரக்கணக்கான சிறு வளைவுகளில் களைத்துத்தான் உடையும். எலும்பு முதலில் சேருமா, உலோகம் முதலில் உடையுமா என்ற போட்டி அது. முறிவின் வடிவம், மூட்டுக்குள் போயிருக்கிறதா, எலும்பு எவ்வளவு உறுதி என்பதும் முடிவை மாற்றும். பக்கத்துப் படுக்கைக்காரரோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

அதே சமயம், ஆறு வாரம் என்ற எண் கல்லில் வெட்டியது அல்ல. கணுக்கால் முறிவுக்கு அறுவை செய்துகொண்டவர்களிடம் பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இரண்டு வாரத்தில் ஊன்றத் தொடங்கியவர்கள், ஆறு வாரம் காத்திருந்தவர்களைவிடப் பின்தங்கவில்லை. வயதானவர்களின் இடுப்பு முறிவில், அறுவை முடிந்த மறுநாளே எழுப்பி நிற்க வைப்பது இன்று வழக்கம். அவர்களுக்குப் படுக்கைதான் பெரிய ஆபத்து: நுரையீரல் சளி, ரத்தக்கட்டி, படுக்கைப் புண், தசை இழப்பு.

சீக்கிரம் ஆரம்பிப்பது நல்லதா, கொஞ்சம் சேர்ந்த பிறகு ஆரம்பிப்பது நல்லதா?

இங்கிலாந்தில் ஆலன் குட்ஷிப்பும் ஜான் கென்ரைட்டும் செம்மறி ஆடுகளில் செய்த சோதனை இதற்குப் பதில் தருகிறது. ஆட்டின் கீழ்க்கால் எலும்பில் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, வெளியிலிருந்து கம்பிச் சட்டத்தால் பிடித்தார்கள். ஒரு குழுவுக்கு அசைவே இல்லை. இன்னொரு குழுவுக்கு ஒரு சிறு இயந்திரம் நாளைக்கு 17 நிமிடம், 500 முறை, 1 மில்லிமீட்டர் அளவுக்கு எலும்பின் நீளவாக்கில் மட்டும் அசைத்தது. 1985இல் வெளியான முடிவு: அசைத்த கால்கள் வேகமாகவும் உறுதியாகவும் சேர்ந்தன. அசைவை 2 மில்லிமீட்டராக்கியபோது குணமாவது பின்தங்கியது.

நேரம் பற்றிய முடிவு இன்னும் சுவாரசியம். தொடக்கத்திலேயே கொடுத்த அசைவு உதவியது. அதே அசைவை ஆறாவது வாரம் தொடங்கியபோது உதவவில்லை, கெடுத்தது. முதலில் அசையாமல் வைத்து அப்புறம் அசைக்கலாம் என்ற நம் உள்ளுணர்வுக்கு இது நேர் எதிர். மிருதுவான திசு தாங்கும் அசைவைப் பாதி கெட்டியான பாலம் தாங்காது என்று நினைத்துப் பார்த்தால் பிடிபடும். ஆனால் அங்கே அளவு, திசை எல்லாம் இயந்திரத்தின் கையில் இருந்தது. வீட்டில் முதல் வாரமே தத்தித்தத்தி நடந்து பார்ப்பது அந்தச் சோதனை ஆகாது.

எந்தத் திசையில் பாரம் விழுந்தாலும் ஒன்றுதானா?

இல்லவே இல்லை. எலும்பின் நீளவாக்கில் அழுத்தி விடும் பாரம் பொதுவாக நண்பன். முனைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதும் முறுக்குவதும்தான் எதிரிகள், புதிதாக வரும் மெல்லிய ரத்தக் குழாய்களை அவை அறுத்துவிடும். தொடை எலும்பின் கழுத்தில், அதாவது இடுப்பு மூட்டை ஒட்டிய குறுகிய பகுதியில், முறிவுக் கோடு செங்குத்தாக இருந்தால் நின்றாலே வழுக்கும். அந்தக் கோட்டின் கோணத்தை வைத்து முறிவுகளை வகைப்படுத்தியவர் ஃபிரீட்ரிக் பௌவெல்ஸ், 1935இல். கோடு எவ்வளவு செங்குத்தோ, அவ்வளவு சிக்கல். மணிக்கட்டில் உள்ள ஸ்காஃபாய்டு என்ற சிறு எலும்பு தகராறு செய்வதற்கும் இந்த வழுக்கல் ஒரு காரணம். ரத்த ஓட்டம் குறைவு என்பது இன்னொன்று.

அகஸ்டோ சார்மியெந்தோ 1960களில் கீழ்க்கால் முறிவுக்கு, முழங்காலை விடுவித்து நடக்கவிடும் கட்டுகளைக் கொண்டுவந்தார். சுற்றியுள்ள தசையை இறுக்கமாகப் பிடித்தால் பக்கவாட்டு நகர்வு அடங்கும், நீளவாக்கு அசைவு மட்டும் இருக்கும். மேற்கை எலும்பின் நடுப்பகுதி முறிவுக்கு அவர் வழி இன்றும் பயன்படுகிறது.

அழுத்தினால்தானே எலும்பு வளரும்? இழுத்தால்?

இழுத்தாலும் வளரும், பொறுமையாக இழுத்தால். சைபீரியாவில் குர்கன் என்ற ஊரில் கவ்ரீல் இலிசாரோவ் 1950களிலிருந்து வளையங்களும் கம்பிகளும் கொண்ட சட்டத்தால் இதைச் செய்து காட்டினார். எலும்பை வெட்டி, சில நாள் காத்திருந்து, நாளைக்கு 1 மில்லிமீட்டர், அதையும் நான்கு தவணையாகக் கால் கால் மில்லிமீட்டராக விலக்க வேண்டும். வேகமாக விலக்கினால் நார்தான் வரும். அளவுக்கு மீறி மெதுவாக விலக்கினால் முன்னதாகவே ஒட்டிக்கொள்ளும். பல ஆண்டுகள் காலில் ஆறாத முறிவோடு இருந்த இத்தாலிய மலையேறி கார்லோ மௌரி 1980இல் அங்கே போய்க் குணமாகித் திரும்பிய பிறகுதான் மேற்கு ஐரோப்பா இதைக் கவனித்தது. அந்தச் சட்டம் போட்டவர்களை நடக்கச் சொல்வார்கள், நடப்பதும் சிகிச்சைதான்.

கால் ஊன்றாதே என்றால் பாரமே விழாதா?

விழும். தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் எலும்பை அழுத்துகிறது. நடக்கும்போது இடுப்பு மூட்டில் விழும் விசை உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு; அதில் பெரும்பங்கு தசை இழுப்பதால் வருவது. படுத்தபடியே காலை நேராகத் தூக்கினாலும் கணிசமான விசை விழும். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும், தொடையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி வீண் வேலை அல்ல. சொல்லாத பயிற்சியை நீங்களாகச் சேர்க்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

20 கிலோ மட்டும் ஊன்றச் சொன்னார்கள். எப்படி அளப்பது?

எடை பார்க்கும் மெஷினில். நல்ல காலை மெஷினின் உயரமே உள்ள ஒரு பலகை மேல் வைத்துக்கொண்டு, முறிந்த காலை மெஷினில் வைத்து, முள் 20இல் நிற்கும்வரை மெதுவாக அழுத்துங்கள். அந்த உணர்வை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நடக்கும்போது பெரும்பாலானவர்கள் சொன்னதைவிட அதிகமாகவே ஊன்றுகிறார்கள், தெரியாமலே. அதனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மெஷினில் சரிபாருங்கள். வாக்கரையோ ஊன்றுகோலையோ சீக்கிரம் தூக்கிப் போடாதீர்கள்.

நாள் முழுக்கப் பயிற்சி செய்தால் சீக்கிரம் சேருமா?

சேராது. 1984இல் ரூபினும் லான்யனும் பறவையின் சிறகு எலும்பில் பார்த்தார்கள்: நாளைக்கு 36 முறை பாரம் கொடுத்தால் எலும்பு தடித்தது, 1800 முறை கொடுத்தாலும் அதற்குமேல் தடிக்கவில்லை. அது முறியாத எலும்பு. ஆனாலும் ஒரே மூச்சில் நீண்ட நேரம் செய்வதைவிட, இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது எலும்புக்குப் பிடிக்கும் என்பது வேறு சோதனைகளிலும் தெரிந்திருக்கிறது.

சேரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதிகம் நடந்ததாலா, குறைவாக நடந்ததாலா?

எக்ஸ்ரே சொல்லும். முறிவின் இரு பக்கமும் காலஸ் பருத்து, நடுவில் மட்டும் கோடு மிஞ்சியிருந்தால், உடல் முயன்றிருக்கிறது, அசைவு அதிகமாகிக் கடைசிப் பாலம் விழவில்லை. இதற்கு உறுதியான பொருத்தலே பெரும்பாலும் போதும். முனைகள் கூராகித் தேய்ந்து, காலஸே இல்லாமல் இருந்தால் ரத்த ஓட்டமோ செல்களோ போதவில்லை. அங்கே எலும்பு ஒட்டு (வேறிடத்திலிருந்து எடுத்த எலும்பு) வைக்க வேண்டியிருக்கும். கிருமித் தொற்று இருக்கிறதா என்று இரண்டிலும் பார்ப்பார்கள். ராடு போட்ட சிலருக்கு ஒரு முனையின் ஸ்க்ரூவைக் கழற்றி, நடக்கும்போது முறிவு அழுந்தும்படி செய்வார்கள். புகை பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாரத்தை எவ்வளவு சரியாகக் கொடுத்தாலும் புகை அதைக் கெடுக்கும்.

எலும்பு சீக்கிரம் சேர வைக்கும் என்று சொல்லும் அல்ட்ராசவுண்ட் மெஷின் வாங்கலாமா?

வேண்டாம். 2016இல் 501 பேரிடம் நடந்த டிரஸ்ட் என்ற ஆய்வில், ராடு போட்ட கீழ்க்கால் முறிவில் உண்மையான மெஷினுக்கும் போலி மெஷினுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

குழந்தைக்குக் கோணலாகச் சேர்ந்திருக்கிறது. நேராகுமா?

வளர்ச்சி மிச்சமிருந்தால், மூட்டு மடங்கும் திசையில் உள்ள வளைவு பெரும்பாலும் நேராகிவிடும். பாரம் விழும் உள்வளைவில் எலும்பு தடிக்கும், வெளிப்புறத்தில் கரையும். எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டும் திரும்பிக்கொள்ளும். முறுக்கு மட்டும் தானாகச் சரியாகாது. அதனால்தான் குழந்தையின் எக்ஸ்ரேயில் கோணலைப் பார்த்துக் கவலைப்படாத டாக்டர், முறுக்கால் விரல் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் கவலைப்படுகிறார்.

வலித்தால் நிறுத்தலாமா?

லேசான வலி, மாலையில் வடிந்து இரவில் போய்விடும் வலி, எதிர்பார்த்ததே. நாளுக்கு நாள் கூடும் வலி, திடீரென ‘டக்’ என்ற சத்தத்தோடு வந்த வலி, காலின் வடிவம் மாறுவது, காய்ச்சல், புண்ணிலிருந்து கசிவு ஆகியவற்றுக்கு அன்றே போய்க் காட்டுங்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம். நரம்புப் பாதிப்பால் காலில் உணர்வு குறைந்தவர்களும், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களும் வலியை நம்பக் கூடாது. அவர்களுக்கு முறிவு மோசமானாலும் வலிக்காமலே இருக்கலாம்.

பிளேட்டை எடுத்துவிட்டார்கள். மறுநாளே ஓடலாமா?

நடக்கலாம், ஓடக் கூடாது. ஸ்க்ரூ இருந்த துளைகள் நிரம்ப மாதங்கள் ஆகும். அதுவரை ஒவ்வொரு துளையும் பாரம் குவியும் பலவீனமான இடம். முறுக்கினால் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். பிளேட் இத்தனை நாள் பாரத்தைப் பங்குபோட்டுக்கொண்டதால் அதன் கீழே இருந்த எலும்பும் கொஞ்சம் மெலிந்திருக்கும். முன்கை எலும்புகளில் இந்த இரண்டாவது முறிவு அடிக்கடி நடப்பதால், அங்கே பிளேட்டை எடுக்கவே பலர் தயங்குகிறார்கள். பாரத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். பந்து விளையாட்டு, குதித்தல், கனமான தூக்கல் ஆகியவற்றை எந்த மாதத்தில் தொடங்கலாம் என்று எடுத்த டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.